கடலியலை அடர்த்தியிலிருந்து தொடங்குங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். கடலியல் அறிமுகப் பாடத்தை விருப்பப் பாடமாக எடுத்துப் படித்து முடித்தவர்களில் நானும் ஒருவர். என் முதன்மைப் பாடத்துக்கும் கடலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அறிவியல் புலத்திலிருந்து ஒரு தாளாவது எடுத்தாக வேண்டும் என்ற விதிதான் என்னையும் வகுப்பில் இருந்த பலரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தது. பாடம் பிடித்துப்போனது. பிடித்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பருவத்தின் நடுவில், ‘கடல்நீரின் பண்புகள்’ என்ற தலைப்புக்குள் பாதி வகுப்பு மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகும் அடர்த்தியை முதல் வாரத்துக்குக் கொண்டுவாருங்கள். கடல்தரை, அலை, ஓதம் (கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது), உயிரினங்கள் எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

இப்போதைய வரிசை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆய்வுப் பயணங்களின் வரலாறு, பிறகு புவித்தட்டுகள், கடல்தரை, படிவுகள், அதன்பின் நீரின் வேதியியல், காற்றுமண்டலம், நீரோட்டங்கள், அலைகள், ஓதங்கள், கரையோரம், கடைசியில் உயிரினங்கள். பெரும்பாலான பாடநூல்களும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் வருகின்றன. நிலவியல், வேதியியல், இயற்பியல், உயிரியல் ஆகிய நான்கும் ஆளுக்கொரு பங்கை எழுதி வாங்கிக்கொண்ட பாகப்பிரிவினை மாதிரி இருக்கிறது இது. திமிங்கிலத்தைப் பற்றிப் படிக்கலாம் என்று வந்தவர்கள் முதல் மாதம் முழுக்கப் பாறையைப் படிக்கிறார்கள். உயிரியலுக்கு வந்து சேரும்போது பருவம் முடிந்துகொண்டிருக்கிறது. மிதவை உயிரிகளின் படங்கள் திரையில் ஓடுகின்றன, பெயர்களை எழுதிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இதன் விளைவைச் சோதித்துப் பார்ப்பது எளிது. தேர்வு முடிந்த மறுநாள் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர் ஒருவரை நிறுத்தி, நடுக்கடல் ஏன் அவ்வளவு தெளிந்த நீலமாக இருக்கிறது என்று கேளுங்கள். சூரிய ஒளி ஆண்டு முழுக்கக் கொட்டுகிற வெப்பமண்டலப் பெருங்கடலின் நடுவில் ஏன் உயிர்கள் அவ்வளவு குறைவு என்றும் கேளுங்கள். கடல்தரையின் வயது அவருக்குத் தெரியும். மிதவை உயிரிகளின் வகைகளும் தெரியும். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்காது. விடை எந்த ஒரு பாடத்துக்குள்ளும் இல்லை, இரண்டு மூன்று பாடங்களுக்கு நடுவில் இருக்கிறது. நடுவில் இருப்பதை நாம் நடத்துவதில்லை.

சரி, அடர்த்திக்கு வருவோம்.

ஒரு கன மீட்டர் நன்னீரின் நிறை 1,000 கிலோ. கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 1,025 கிலோ. ஆழத்துக்கு ஆழம், கடலுக்குக் கடல் இந்த எண்ணில் வரும் மாற்றம் மூன்றாவது நான்காவது இலக்கத்தில்தான். மாணவர் அதைப் பார்த்ததும் ‘இது ஒரு வித்தியாசமா’ என்று கடந்துபோகிறார். ஆழ்கடல் நகர்வது அந்தக் கடைசி இலக்கங்களை வைத்துத்தான் என்று சொல்வதற்கு வகுப்பில் நேரம் இருப்பதில்லை.

அத்தோடு பள்ளியிலிருந்து நாங்கள் எடுத்துவரும் ஒரு பாடம் குறுக்கே நிற்கிறது. நீரின் அடர்த்தி 4 டிகிரி செல்சியஸில் உச்சம், அதனால்தான் குளம் மேலிருந்து உறைகிறது, மீன்கள் அடியில் பிழைக்கின்றன என்பது எல்லோருக்கும் மனப்பாடம். கடல்நீருக்கு அது பொருந்தாது. ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 25 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால், குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போகும், உறையும் வரை. வழக்கமான கடல்நீரில் 35 கிராம் உப்பு இருக்கிறது, அது உறைவது ஏறத்தாழ மைனஸ் 1.9 டிகிரியில். பனி உருவாகும்போது உப்பின் பெரும்பகுதி வெளியே தள்ளப்படுகிறது. மிச்ச நீர் இன்னும் உப்பாகி இன்னும் கனத்து மூழ்குகிறது. அண்டார்டிகாவைச் சுற்றி இப்படிப் பிறக்கும் நீர்தான் உலகப் பெருங்கடல்களின் அடித்தளத்தில் பரவிக் கிடக்கிறது. குளம் உறைவதற்கும் கடல் உறைவதற்கும் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதைப் பாடநூலில் ஒரு படத்தின் அடிக்குறிப்பாகத்தான் பார்த்தேன். வகுப்பில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதல் வகுப்பில் போட வேண்டிய கேள்வியை 1751லேயே கடல் போட்டுக்கொடுத்துவிட்டது. ஹென்றி எல்லிஸ் என்ற கப்பல் தலைவர் வெயில் கொளுத்தும் அட்லாண்டிக்கில் ஒரு வாளியை ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு இறக்கி எடுத்துப் பார்த்தார். வந்த நீர் சில்லென்று இருந்தது. தன் குடிநீரையும் மதுவையும் அதில் குளிர வைத்துக்கொண்டார். (அது அடிமை வணிகக் கப்பல். வரலாற்றுப் பகுதியில் இதையும் சேர்த்தே சொல்லலாம், கடலியலின் தொடக்கம் அவ்வளவு தூய்மையானதல்ல.) மேலே அவ்வளவு வெயில், கீழே இவ்வளவு குளிர் எங்கிருந்து வந்தது? நிலநடுக்கோட்டின் அடியாழத்தில்கூட நீர் 2 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கேயே அது குளிர்ந்திருக்க முடியாது. துருவப் பகுதியின் மேற்பரப்பில் குளிர்ந்து, மூழ்கி, ஊர்ந்து வந்திருந்தால்தான் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கவுண்ட் ரம்ஃபோர்டு என்ற இயற்பியலாளர் இப்படித்தான் ஊகித்தார். ஒரே ஒரு வெப்பநிலை அளவு, அதிலிருந்து உலகளாவிய சுழற்சி. அறிவியல் எப்படி யோசிக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வியைப் போட்ட கையோடு நீர்த்தொட்டிச் சோதனையைக் கொண்டுவாருங்கள். இந்தச் சோதனைக்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் வயதாகிறது. 1679இல் லூய்கி ஃபெர்டினாண்டோ மார்சிலி என்ற இத்தாலிய இளைஞர், அப்போது வயது இருபத்தொன்று, கான்ஸ்டாண்டிநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) போனார். பாஸ்பரஸ் நீரிணையின் மேல்நீர் கருங்கடலிலிருந்து தெற்கே ஓடுகிறது, ஆனால் அடியில் எதிர்த்திசையில் ஓர் ஓட்டம் இருக்கிறது என்று அங்குள்ள மீனவர்கள் சொன்னார்கள். அவர் வெள்ளையடித்த தக்கைகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார். ஓர் ஆழம் வரை தக்கைகள் ஒரு பக்கம் சாய்ந்தன, அதற்குக் கீழே மறுபக்கம். மீனவர்கள் சொன்னது சரிதான்.

அதோடு அவர் நிறுத்தியிருந்தால் அது வெறும் பயணக் குறிப்பாகப் போயிருக்கும். நீரிணையின் மேல்நீரையும் அடிநீரையும் அளந்து எது கனம் என்று பார்த்தார். ஒரு தொட்டியை நடுவில் தடுத்து ஒரு பக்கம் கனத்த நீர், மறுபக்கம் லேசான நீர், ஒன்றில் சாயம். தடுப்பில் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. கீழ்த்துளை வழியே கனத்த நீர் அந்தப் பக்கம் போனது, மேல்துளை வழியே லேசான நீர் இந்தப் பக்கம் வந்தது. காற்றும் வேண்டாம், சரிவும் வேண்டாம், இரண்டு ஓட்டங்களும் அடர்த்தி வேறுபாட்டாலேயே ஓடும் என்று 1681இல் எழுதி வெளியிட்டார்.

இந்தத் தொட்டியை எங்களுக்கும் ஆய்வகத்தில் காட்டினார்கள், பருவத்தின் பிற்பகுதியில். சாயம் கலந்த உப்புநீர் தடுப்பின் அடியிலிருந்து மெல்லிய நாக்காகப் புறப்பட்டுத் தொட்டியின் தரையை ஒட்டியே போனது. எதிர்ச்சுவரில் மோதித் திரும்பியது. மேலே தெளிந்த நீர் அப்படியே நின்றது, இரண்டுக்கும் நடுவே கோடு போட்டதுபோல் ஓர் எல்லை. யாரோ தொட்டியைத் தட்டினார்கள். மேற்பரப்பு அசையவே இல்லை என்று சொல்லலாம், உள்ளே அந்த எல்லை மட்டும் பெரிய அலையாக மெதுவாக எழுந்து இறங்கியது. அடர்த்தி வேறுபாடு குறைவாக இருக்கும் எல்லையில் அலை அவ்வளவு மெதுவாகத்தான் போகும். கடலுக்குள்ளேயே அலை உண்டு என்பது வகுப்பில் பலருக்கும் அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் படம்பிடிக்கக் கைப்பேசியை எடுத்தார்கள். அதுவரை வந்த வகுப்புகள் எதற்கும் யாரும் கைப்பேசியை அந்தக் காரணத்துக்காக எடுத்ததில்லை.

இனி நான் சொல்ல வருவது. அதே தொட்டியிலிருந்து அதே வாரத்தில் வேதியியலுக்கும் உயிரியலுக்கும் போய்விடலாம். மார்சிலி பார்த்த நீரிணையின் மறுமுனையில் இருக்கிறது கருங்கடல். ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் மேலே, பாஸ்பரஸ் வழியே நுழையும் உப்புநீர் அடியில். மேல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 18 கிராம் உப்பு, ஆழத்தில் 22. இந்த நான்கு கிராம் வித்தியாசம் போதும், இரண்டும் கலப்பதில்லை. மேலே வாழ்ந்து மடியும் உயிரினங்கள் கீழே மூழ்கி அழுகும்போது ஆக்ஸிஜனைத் தின்றுவிடுகின்றன. புதிய ஆக்ஸிஜன் மேலிருந்து இறங்க வழியில்லை. ஏறத்தாழ 150, 200 மீட்டருக்குக் கீழே அது தீர்ந்துபோய், அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறைந்திருக்கிறது. அந்தக் கடலின் நீரில் பெரும்பகுதி இப்படித்தான். நுண்ணுயிரிகளைத் தவிர எதுவும் அங்கே வாழாது, மரத்தைத் துளைக்கும் புழுக்கள் உட்பட. அதனால்தான் 2018இல், 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், ஏறத்தாழ 2,400 ஆண்டுப் பழமையான கப்பல் ஒன்றைப் பாய்மரத் தண்டோடு கண்டதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல், போதாததற்குத் தொல்லியல், எல்லாம் ஒரே காரணத்தில் வந்து சேர்கின்றன. பாடத்தின் முதல் பதினைந்து நாளில் இதைச் சொன்னால், மாணவர் அதற்குப் பிறகு வரும் எதையும் தனித்தனியாகப் படிக்க மாட்டார்.

நடுக்கடலின் நீலத்துக்கும் இதுதான் விடை. வெயிலில் சூடான லேசான நீர் ஆண்டு முழுக்க மேலே மூடிக்கிடக்கிறது. ஊட்டச்சத்துகள் கீழே இருக்கின்றன, மேலே வர வழியில்லை. அதனால் மிதவை உயிரிகள் குறைவு, நீர் தெளிந்து நீலமாகக் கிடக்கிறது. வழி திறக்கும் இடங்களில் பாருங்கள், உதாரணமாகப் பெரு நாட்டுக் கரையோரம். கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வீசும் காற்று மேல்நீரைத் தள்ளுகிறது. பூமி சுழல்வதால் தென்கோளத்தில் அந்த நீர் இடப்புறம் திரும்புகிறது, அதாவது கரையை விட்டு வெளியே. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் ஏறுகிறது. (துருவ ஆய்வாளர் நான்சென் 1893இல் தொடங்கிய ஃபிராம் கப்பல் பயணத்தில், வடகோளத்தின் ஆர்க்டிக் கடலில், பனிக்கட்டிகள் காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகி நகர்வதைக் கவனித்ததும், கடலியலாளர் எக்மன் 1905இல் அதற்குக் கணிதம் எழுதியதும் இங்கேதான் வர வேண்டும்.) எல் நினோ ஆண்டுகளில் சூடான அடுக்கு அங்கே தடித்துவிடுகிறது. நீர் ஏறினாலும் ஏறுவது சூடான, சத்தில்லாத நீர்தான். மீன்கள் குறைகின்றன. எல் நினோவைத் தனி அத்தியாயமாக, மழையும் வறட்சியுமாக மட்டும் நடத்தும்போது இந்தக் கண்ணி விட்டுப்போகிறது.

உங்கள் தரப்பில் எழும் மறுப்பு எனக்குத் தெரியும். கடல்தரை என்பது பாத்திரம், நீர் அதற்குப் பின்னால்தானே என்பீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தரையை நாம் அறிந்ததே நீரின் வழியாகத்தான். மேரி தார்ப் அட்லாண்டிக்கின் நடுவில் ஓடும் மலைத்தொடரையும் அதன் உச்சியில் பிளந்து கிடந்த பள்ளத்தாக்கையும் கண்டது எதிரொலி அளவுகளிலிருந்து. பெண் என்பதால் கப்பலில் ஏற அனுமதி இல்லாமல், மற்றவர்கள் கொண்டுவந்த எண்களை மேசையில் வைத்து வரைந்தவர். உடன் வேலை செய்த புரூஸ் ஹீசனே முதலில் நம்பவில்லை. நிலநடுக்க மையங்கள் அதே பள்ளத்தாக்கின் மேல் வரிசையாக விழுந்தபோதுதான் ஏற்றுக்கொண்டார். வட அட்லாண்டிக் வரைபடம் 1957இல் வெளிவந்தது. எதிரொலியை ஆழமாக மாற்ற ஒலியின் வேகம் வேண்டும். கடலில் அது நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர், ஆனால் வெப்பநிலை, உப்பு, அழுத்தம் மூன்றுக்கும் ஏற்ப மாறும். வேகத்தில் ஒரு சதவீதம் பிசகினால் 4,000 மீட்டர் ஆழத்தில் 40 மீட்டர் பிசகும். நீரைத் தெரிந்துகொள்ளாமல் தரையைத் தெரிந்துகொண்டவர் யாருமில்லை, தார்ப் உட்பட. கடல்தரைப் பகுதியைக் குறைக்கச் சொல்லவில்லை, தள்ளி வைக்கத்தான் சொல்கிறேன். அந்தக் கதையும் அப்போது இன்னும் நன்றாக எடுபடும்.

ஓதம் பற்றியும் ஒரு வார்த்தை. நிலவின் பக்கம் ஒரு புடைப்பு, எதிர்ப்பக்கம் ஒரு புடைப்பு, பூமி அவற்றின் அடியில் சுழல்கிறது, ஆகவே நாளைக்கு இரண்டு உயர் ஓதம் என்ற படத்தைப் போட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அதற்கு முந்தைய அத்தியாயத்திலேயே, அலைநீளத்தோடு ஒப்பிட ஆழம் குறைவான நீரில் அலையின் வேகம் புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம் என்று படித்திருக்கிறோம். 4,000 மீட்டர் ஆழத்துக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வருகிறது. சுனாமியின் வேகம் என்று அதே எண்ணைத்தான் மனப்பாடம் செய்தோம். நிலநடுக்கோட்டில் பூமி சுழலும் வேகமோ மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர். அந்தப் புடைப்பு நிலவுக்கு ஈடுகொடுத்து ஓட வேண்டுமானால் கடல் 20 கிலோமீட்டருக்கும் அதிக ஆழமாக இருக்க வேண்டும், நடுவில் கண்டங்களும் இருக்கக் கூடாது. உண்மையில் ஓதம் என்பது பெருங்கடல் படுகைகளுக்குள் சில மையப் புள்ளிகளைச் சுற்றிச் சுழலும் நீண்ட அலை. புடைப்புக் கணக்கில் வருவது அரை மீட்டர் அளவு ஏற்றம். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் ஏறி இறங்குகிறது. புடைப்புப் படம் போதாது என்பது 18ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் லாப்லாஸ் காலத்திலேயே தெரிந்த விஷயம். இரண்டு அத்தியாயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு வர்க்கமூலம் போதும், ஆனால் ‘கணக்கு வேண்டாத அறிவியல் தாள்’ என்று விளம்பரம் செய்துவிட்ட பிறகு அதைப் போட ஆசிரியர்களுக்கே தயக்கம். அந்த வாக்குறுதியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பயந்து ஓடுகிறவர்கள் சிலர்தான் இருப்பார்கள்.

அப்புறம், தரவு. ஆர்கோ மிதவைகள் ஏறத்தாழ 4,000 உலகக் கடல்களில் மிதந்துகொண்டிருக்கின்றன. 1,000 மீட்டர் ஆழத்தில் கிடந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, ஏறும் வழியெல்லாம் வெப்பநிலையையும் உப்பையும் அளந்து, மேலே வந்து செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. அந்தத் தரவு யாருக்கும் இலவசம். எங்கள் பாடத்தில் ஆர்கோவின் படம் இருந்தது, அதன் ஓர் அளவுகூட இல்லை. அது எப்படி ஏறி இறங்குகிறது என்பதையும் சொல்லவில்லை: உள்ளே இருக்கும் எண்ணெயை வெளிப்புறப் பைக்குள் செலுத்தித் தன் கன அளவைக் கூட்டுகிறது, அதாவது தன் அடர்த்தியைக் குறைக்கிறது. பாடத்தின் மையக் கருத்தே ஒரு கருவியாக மிதந்துகொண்டிருக்கும்போது அதைப் படமாக மட்டும் காட்டுவது வீண். ஆளுக்கொரு மிதவையின் அளவுகளைக் கொடுத்து வரைபடத்தாளில் வரையச் சொல்லுங்கள். ஆழ அச்சு மேலிருந்து கீழே போக வேண்டும் என்பதிலேயே பாதிப் பேர் குழம்புவார்கள், பள்ளிப் பழக்கம் அப்படி. அந்தக் குழப்பத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கலாம், தப்பில்லை. கோடு சட்டென்று வளையும் இடத்தில் பென்சில் வந்து நிற்கும்போது வெப்பச்சரிவு அடுக்கு (ஆழத்தோடு வெப்பநிலை சட்டென்று குறையும் அடுக்கு) என்றால் என்ன என்று வரையறை எழுதித்தர வேண்டியிருக்காது.

காலநிலை மாற்றம் பற்றிய கடைசி வகுப்பும் தானாகவே மாறிவிடும். மனிதர்களால் கூடிய வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள் போயிருக்கிறது என்று இப்போதும் சொல்கிறோம், மாணவர்கள் தலையாட்டுகிறார்கள். மேல்நீர் சூடானால் அடுக்குகள் இறுகும், இறுகினால் கலப்பது குறையும், குறைந்தால் ஆக்ஸிஜனும் ஊட்டச்சத்தும் போய்வரும் பாதை அடைபடும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், முதல் வாரத்திலேயே தொட்டியைப் பார்த்திருந்தால்.

நேரத்துக்கு எங்கே போவது என்றால், வெட்ட வேண்டியவை நிறைய இருக்கின்றன. அகழிகளின் பெயர்ப் பட்டியல், படிவு வகைகளின் துணை வகைகள், கடற்கரை நிலவடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். இவை கொள்குறி வினாத் தாளுக்கு வசதியானவை, அதனாலேயே நிலைத்துவிட்டவை என்பது என் சந்தேகம். வினாத்தாளில் அந்தப் பகுதியைப் பாதியாக்கிவிட்டு ஒரே ஒரு நெடுவினா சேருங்கள்: ‘ஓர் உள்நாட்டுக் கடலுக்குள் பாயும் ஆறுகள் எல்லாவற்றையும் அணை கட்டித் தடுத்துவிட்டால், ஐம்பது ஆண்டுகளில் அதன் அடியாழ நீரில் என்னென்ன மாறும், ஏன்?’ விடை ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. காரணத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறார் என்பதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. இந்தப் பாடத்துக்குப் பல பிரிவுகள் நடக்கின்றன. அடுத்த பருவத்தில் ஒரு பிரிவுக்கு மட்டும் வரிசையை மாற்றிப் பாருங்கள், மற்றவற்றுக்குப் பழைய வரிசையே இருக்கட்டும். இரண்டு தரப்புக்கும் மேலே சொன்ன அணைக் கேள்வியைக் கொடுத்து, பெயரை மறைத்துத் திருத்துங்கள். விடைத்தாள்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பழைய வரிசைதான் மேல் என்று வந்தால் அதையும் அறிவித்துவிடுங்கள், எனக்கு மறுப்பில்லை.

இப்படிக்கு,
கடலியலை விருப்பப் பாடமாகப் படித்த ஒரு மாணவர்